பெரியப்பாவின் கண்ணுக்குள்ளே...

மயிலாப்பூரில் எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, "சர்க்கரை பதினெட்டு வருஷமா என்னோட குடித்தனம் பண்றது!" இரண்டு, "எழுபத்தோரு வயசுலயும் லஸ் கார்னர்ல 29சி வர்றதை நான்தான் முதல்ல பார்ப்பேன்!"

கண் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், "நன்னா தெரியறதேடா, அப்புறம் எதுக்கு?" என்பார்.

வம்பே அங்கேதான். சர்க்கரை கண்ணைக் கெடுக்கும்போது வலிக்காது, ஆரம்பத்தில் மங்கலும் இராது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வீங்கும், கசியும், அடைபடும். ரத்தம் கிடைக்காத இடத்துக்காகப் புதுக் குழாய்கள் முளைக்கும். எல்லாம் நோஞ்சான்கள். ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்போதுதான் "ஐயோ" என்று ஓடுவோம். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், நாற்பது தாண்டிய சர்க்கரைக்காரர்களில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதித்திருந்தது.

வழக்கமான கேமரா ஒரு தடவைக்கு 30 முதல் 50 டிகிரிதான் பிடிக்கும். கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடே சுத்தம் என்கிற மாதிரி. கொல்லைப்புறம்? அதற்குத்தான் 'அல்ட்ரா வைட் ஃபீல்டு' கேமரா. அரை விநாடிக்குள் 200 டிகிரி, அதாவது விழித்திரையில் சுமார் 80 சதவீதம், ஒரே படத்தில்! பல சமயம் சொட்டு மருந்துகூட வேண்டாம்.

இதன் பின்னால் ஒரு அப்பா இருக்கிறார். ஸ்காட்லாந்தின் டக்ளஸ் ஆண்டர்சன். விழித்திரை பிரிந்ததைத் தாமதமாகக் கண்டுபிடித்ததால், அவருடைய ஐந்து வயது மகனுக்கு ஒரு கண் பார்வை போயிற்று. குழந்தைகூடப் பயப்படாமல் உட்காரும் பரிசோதனை வேண்டுமென்று 1992-ல் 'ஆப்டோஸ்' கம்பெனியைத் தொடங்கினார்.

மெஸ் காபி (சர்க்கரை இல்லாமல்தான்!) வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெரியப்பாவை அழைத்துப் போனேன். நடுவில் இரண்டு மூன்று புள்ளிகள்தான். ஓரத்திலோ புதுக் குழாய்கள்! உடனே லேசர் போட்டார்கள். பார்வை தப்பியது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படமே எல்லாம் ஆகிவிடாது. நடுவிழித்திரை வீக்கத்துக்கு ஓ.சி.டி. ஸ்கேன் வேண்டும், டாக்டரும் நேரில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்றால், தெரிந்த உடனேயே ஒரு கண் பரிசோதனை, பிறகு வருஷாவருஷம். சர்க்கரையும் பி.பி.யும் கட்டுக்குள் இருப்பது அதைவிட முக்கியம்.

இப்போது பெரியப்பாவுக்கு மூன்றாவது பெருமை. நாகேஸ்வரராவ் பார்க்கில் வாக்கிங் வருகிறவர்களை நிறுத்தி, பச்சையும் ஆரஞ்சுமாய் இருக்கும் அந்தப் படத்தை நீட்டுகிறார். "ஓரத்துல கோடு கோடா இருக்கே, அது என் இமை மயிர்! சரி... உம்ம படம் எங்கே ஓய்?"