நுரை பெங்களூருவிலிருந்து வருகிறது... பாசி எங்கிருந்து வருகிறது?

மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறந்தாலே ஓசூர்க்காரர்களின் செல்போன்கள் வெளியே வந்துவிடும். தென்பெண்ணை ஆற்றில் பொங்கும் வெள்ளை நுரையும், அது மூடிவிடும் தட்டிகானப்பள்ளி தரைப்பாலமும் அடிக்கடி வைரலாகும் காட்சிகள்.

கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்துவரும் கழிவுநீர் வழியிலேயே அதில் கலந்துவிடுகிறது. டிடர்ஜென்ட் கலந்த அந்த நீர் மதகில் விழுந்து அடிபடும்போது நுரைக்கிறது.

நுரை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நீரோடு போவது நைட்ரஜனும் பாஸ்பரஸும். நாம் காசு கொடுத்து வாங்கும் யூரியாவிலும் டி.ஏ.பி-யிலும் இருக்கும் அதே சத்துகள்தான்!

தண்ணீரிலேயே உரம்

கெலவரப்பள்ளி அணையை நம்பி சுமார் 8,000 ஏக்கர் பாசனம் நடக்கிறது. ஏற்கெனவே சத்து கலந்து வரும் நீரைப் பாய்ச்சி, அதன்மேல் வழக்கமான அளவு உரத்தையும் போட்டால் என்ன ஆகும்? தக்காளிச் செடியில் இலை செழிக்கும், காய் குறையும், பூச்சி கூடும். பயிர் எடுத்தது போக மிச்சம், மழையோடு மீண்டும் ஆற்றுக்கே போகும்.

அது போய்ச் சேரும் இடம் கிருஷ்ணகிரி அணை. அங்கே அவ்வப்போது தண்ணீர் பச்சை நிறமாகித் துர்நாற்றம் வீசக் காரணம், இந்தச் சத்துகளைத் தின்று பெருகும் பாசி. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் மூச்சுத்திணறிச் சாகின்றன.

விவசாயி என்ன செய்யலாம்?

பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டியது கர்நாடகாவின் பொறுப்பு. ஓசூர் ஆலைகளின் கழிவைக் கண்காணிப்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. உர மூட்டையை எப்போது பிரிப்பது என்பது மட்டும் விவசாயியின் கையில் இருக்கிறது.

* மண்ணோடு பாசன நீரையும் பரிசோதித்து, அதற்கேற்ப உரத்தைக் குறைக்கலாம்.
* சொட்டுநீரோடு உரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். சொட்டுநீர் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதம், மற்றவர்களுக்கு 75 சதவிகிதம் மானியம் உண்டு.
* மழை வரும் நேரத்தில் உரம் போடுவதைத் தவிர்க்கலாம்.
* ஓடைக்கரையில் வெட்டிவேர் வளர்த்தால், மண்ணும் உரமும் அடித்துப்போவது குறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1991-லேயே வயலிலிருந்து வழியும் நைட்ரேட்டைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவைக்கு மேல் போடும் ஒவ்வொரு மூட்டையும் விவசாயியின் பணம்தான். அது ஆற்றோடு போகாமல் இருந்தால் அணைக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.