வானிலையும் அணிவகுப்பும்

போருக்குக் களமும் காலமும் இன்றியமையாதன. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றிற் பிறந்து வாழும் விலங்கு, புள், மரம் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தார். போரைக் கூறும் புறத்திணைகளையும் அவர் நிலத்தினின்று பிரித்துவிட்டாரல்லர். வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும் புறனாக வைத்துப் போரையும் நிலத்தோடு பிணைத்தார். கருவாகிய உயிரின் வலிமை முதலாகிய நிலத்தையும் பொழுதையும் சார்ந்தே நிற்கும் என்பது இப்பாகுபாட்டினின்று பெறத்தக்க ஓர் உண்மையாகும்.

இவ்வுண்மையை இக்காலத்துச் சிறுவர் ஏட்டிற் படிப்பதற்கு முன்னரே திரையிற் கண்டுகொள்கின்றனர். யப்பான் நாட்டிலே 1996ஆம் ஆண்டு வெளிவந்த போக்கிமொன் என்னும் விளையாட்டே அதற்குக் கருவி. அதனை ஆக்கியோருள் முதல்வரான சதோஷி தஜிரி இளமையிற் பூச்சி பிடித்துச் சேர்ப்பதிற் பெருவிருப்புடையவராயிருந்தவர். அவ்விருப்பமே விளையாட்டுக்கு வித்தாயிற்று. கற்பனை விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, அணியாக்கி, மற்றொருவர் அணியோடு பொருதச் செய்வது இதன் சாரம். 2009 முதல் இப்போருக்கு உலகப் போட்டியும் நடைபெற்று வந்துள்ளது.

தெல்லிப்பழையில் ஒரு மாணவன் மாலையிற் கைத்தொலைபேசியும் கையுமாக இருந்து இவ்வாட்டத்தை ஆடுவானாயின், பெற்றோர் அதனை வீண்பொழுது என்றே கொள்வர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் அவன் திரையிற் காண்பது பொம்மைச் சண்டை மட்டுமன்று. மழை இன்னும் எத்தனை சுற்று நிற்கும், எதிரி வெயிலை எப்போது வருவிப்பான், அதற்குள் எந்த விலங்கை முன்னிறுத்தலாம் என்றெல்லாம் அவன் கணக்கிடுகின்றான். அக்கணக்கு யாது என அறிந்த பின்னரே அதன் பயனையும் பயனின்மையையும் அளந்து கூறல் முறையாகும்.

முதற்கண் ஆட்டத்தின் அமைப்பு அறியற்பாலது. ஒவ்வொரு விலங்கும் நீர், நெருப்பு, புல், பாறை, பனி என்றாற்போன்ற இனங்களுள் ஒன்றையோ இரண்டையோ சார்ந்தது. நீர் நெருப்பை வெல்லும்; நெருப்புப் புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். ஓர் அணியில் ஆறு விலங்குகள் வரை இருக்கும். உலகப் போட்டியிலோ ஆறனுள் நான்கைத் தெரிந்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்குவர். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தத்தம் கட்டளையை மறைவாகத் தெரிந்து கொள்வர்; பொதுவாக வேகம் மிக்க விலங்கே முந்திச் செயற்படும். ஆதலின் வலிமையும் வேகமும் வெற்றியின் இரு கண்களாம்.

இவ்விரண்டனையும் மாற்றவல்லது வானிலை. மழை, வெயில், மணற்புயல் ஆகிய மூன்றும் 1999இல் வெளிவந்த கோல்ட், சில்வர் பதிப்புகளிற் புகுந்தன. ஆலங்கட்டி 2002இல் ரூபி, சபயர் பதிப்புகளிற் சேர்ந்தது. மழையில் நீரினத் தாக்குதல் ஒன்றரை மடங்காகும். நெருப்பினத் தாக்குதல் பாதியாகும். வெயிலில் இது தலைகீழாய் மாறும். மணற்புயல் பாறை, மண், உருக்கு என்னும் மூவினங்களையும் விடுத்து, ஏனையவற்றின் முழு உயிர்வலுவில் பதினாறில் ஒரு பங்கை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரித்துச் செல்லும். ஆலங்கட்டியும் பனியினம் அல்லாதவற்றை அவ்வாறே வருத்தி வந்தது. 2022இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளில் அதற்கீடாக வைக்கப்பட்ட பனிப்பொழிவு எவரையும் வருத்துவதில்லை. பனியினத்தின் காப்பை மட்டும் ஒன்றரை மடங்காக்கும்.

இதன் விளைவைச் சிறிய கணக்கொன்றாற் காட்டலாம். ஒரு நீரின விலங்கின் நீர்த்தாக்குதலின் அளவு 100 என்க. தன்னினத் தாக்குதலைத் தானே செய்தலால் அது ஒன்றரை மடங்காகி 150 ஆகும். மழை பெய்யின் அது மேலும் ஒன்றரை மடங்காகி 225 ஆகும். வெயில் எறிப்பின் 150இற் பாதியாகிய 75 ஆகக் குறையும். விலங்கும் அதுவே, தாக்குதலும் அதுவே, வானம் ஒன்று மாறியமையால் விளைவு மும்மடங்கு வேறுபட்டது. கருப்பொருளின் வலிமை முதற்பொருளைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வேகத்தின்கண் நிகழும் மாற்றம் இதனினும் பெரிது. கடற்குதிரையின் வடிவினதாகிய கிங்டிரா மழையில் இருமடங்கு விரைந்தியங்கும் இயல்பைப் பெறவல்லது. வீனசோர் என்னும் புல்லின விலங்கு பச்சையம் என்னும் இயல்பினால் வெயிலில் இருமடங்கு வேகம் எய்தும். நிலம் அகழும் எக்ஸ்கட்ரில் மணற்புயலில் அவ்வாறாகும். இயற்கையிலே இலைப்பச்சையம் ஞாயிற்றொளியால் உணவாக்குவதை அறிந்த மாணவனுக்கு இவ்விதி நினைவில் நிற்றல் எளிது. இன்னும், நூற்றுக்கு எழுபது முறையே இலக்கிற் படும் இடித்தாக்கு மழையில் தப்பாது படும். வெயிலில் ஐம்பது முறையே படும். ஒரு சுற்று ஒளியைத் திரட்டி மறுசுற்றில் எய்ய வேண்டிய சூரியக்கதிர்த் தாக்கினை வெயிலில் உடனே எய்யலாம்.

இவ்விதிகளை உளங்கொண்டு அமைக்கும் அணியில் மூவகையார் வேண்டப்படுவர். வானிலையை வருவிப்போர் ஒரு வகையினர். கூழைக்கடாவின் வடிவினதாகிய பெலிப்பர் களம் புகுந்த அளவில் மழையை வருவிக்கவல்லது. வந்த வானிலையைத் துய்த்துப் பகைவரைத் தாக்குவோர் மற்றொரு வகையினர். கிங்டிரா போல்வன இவ்வகையின. இவ்விரு சாராரின் குறைகளை மறைத்துக் காப்போர் மூன்றாம் வகையினர். மழையணி புல்லினத்துக்கு அஞ்சும். ஆதலின் புல்லைத் தாங்கவல்ல உருக்கினத்தாரை உடன்சேர்ப்பர். துய்ப்போரை மட்டும் நிரப்பி வருவிப்போரை ஒருவராக வைத்த அணி, அவ்வொருவர் வீழ்ந்ததும் நிலைகுலையும். காப்போரை மிகுத்த அணியோ மழை பெய்தும் பயன்கொள்ளாது நிற்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. தூற்றுதற்கு நெல்லும் சுளகும் முன்னரே களத்தில் இருத்தல் வேண்டும் என்பது அதனுள் அடங்கிய பொருள்.

இவ்விடத்து இதிகாசங்களிற் கூறப்படும் அத்திரங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. பாரதத்திலே, அரசகுமாரர் வித்தை காட்டிய அரங்கில் அருச்சுனன் ஆக்கினேயத்தால் தீயையும், வாருணத்தால் நீரையும், வாயவியத்தால் காற்றையும், பர்ச்சன்னியத்தால் முகிலையும் தோற்றுவித்தான் என்பது கதை. ஆயின் அத்திரம் ஏவினோன் குறித்தவிடத்தே செல்லும். ஆட்டத்தில் வரும் மழையோ அத்தகையதன்று. அது வருவித்தவன் மேலும் எதிரி மேலும் ஒப்பப் பெய்யும். எதிரியின் அணியில் நீரின விலங்கொன்று இருப்பின் அதுவும் அம்மழையால் வலிமை பெறும். தன் வெயிலால் மாற்றானின் நெருப்பு ஓங்கத் தோற்றவர் உளர். வானம் பொது என்பதே இப்போர்முறையின் அடிப்படை விதி. ஏனைய நுணுக்கங்கள் அனைத்தும் இதனைச் சூழ்ந்து பிறந்தனவேயாம்.

இவ்விதியின் ஆற்றல் ஆட்டத்தின் வரலாற்றிலே நன்கு புலனாகும். தொடக்கத்தில் ஒருவன் மழையை வேண்டின், ஒரு சுற்றைச் செலவிட்டு அதனை வருவித்தல் வேண்டும். அது ஐந்து சுற்றுகளே நிற்கும். 2002இல் கயோகர் என்னும் கடல்விலங்கும் கிரவுடன் என்னும் நிலவிலங்கும் தோன்றின. அவை களம் புகுந்த அளவிலே முறையே மழையும் வெயிலும் தாமே வந்தன. வேறொரு வானிலை மாற்றும்வரை அவை நீங்கவுமில்லை. இவ்விரண்டும் பேராற்றலுடையவை என்பதனாற் பொதுவான போட்டிகளில் விலக்கப்பட்டிருந்தன. மணற்புயலை வருவிக்கும் டைரனிட்டாருக்கு அவ்விலக்கு இருக்கவில்லை. 2006இல் நீர்யானை வடிவினதாகிய ஹிப்போடனும், பனிமர வடிவினதாகிய அபோமாஸ்னோவும் அதனோடு சேர்ந்தன.

2010இல் தொடங்கிய பிளாக், வைட் பதிப்புகளின் காலத்தில் நிலைமை முற்றும் மாறிற்று. பொலிட்டோட் என்னும் தவளைக்கு நீங்கா மழையையும், நைன்டேல்ஸ் என்னும் ஒன்பது வாற்குறுநரிக்கு நீங்கா வெயிலையும் வருவிக்கும் இயல்புகள் கிடைத்தன. எளிதிற் பெறத்தக்க இவ்விலங்குகளால் நான்கு வானிலைகளும் அனைவர்க்கும் நிலையான உடைமைகளாயின. ஆட்டம் விலங்குகளின் போராக இராது வானத்துக்கான வழக்காக மாறிற்று. எவனுடைய வருவிப்போன் முதலில் வீழ்ந்தானோ அவனே பெரும்பாலும் தோற்றான். நீங்கா மழையில் இருமடங்கு வேகத்தோடு பாயும் கூட்டத்தை எதிர்த்து நிற்றல் அரிதாயிற்று. ஆதலின் ஆட்டக்காரர் தாமே கூடி விதியமைக்கும் சுமோகன் என்னும் குழுவினர், பொலிட்டோடின் மழையியல்பும் மழையில் விரையும் இயல்பும் ஓரணியில் ஒருங்கிருத்தலாகாது என 2011இல் தடைவிதித்தனர். ஒவ்வொன்றும் தனித்தனியே தீதன்று. சேர்க்கையே தீது என்னும் அத்தீர்ப்பு நுட்பமானது.

ஆக்கியோரும் இதனை உணர்ந்தனர் போலும். 2013இல் வெளிவந்த எக்ஸ், வை பதிப்புகளில், விலங்கின் இயல்பால் வரும் வானிலையும் ஐந்து சுற்றுகளே நிற்கும் என வரையறுத்தனர். அதற்குரிய கல்லை ஏந்திய விலங்கு வருவிப்பின் எட்டுச் சுற்று நிற்கும். இச்சிறு வரையறை ஆட்டத்துக்குப் புத்துயிர் அளித்தது. நீங்கா மழை உடையவன் காலத்தை எண்ண வேண்டியதில்லை. ஐந்து சுற்று மழை உடையவனோ ஒவ்வொரு சுற்றையும் பொன்னேபோற் போற்ற வேண்டியவனானான். எதிரியும் செய்வதறியாது திகைக்க வேண்டியதில்லை. காப்புச் செய்தும், விலங்கை மாற்றியும், ஐந்து சுற்றைத் தாங்கி நின்றால் மழை ஓய்ந்துவிடும். எல்லை வந்த பின்னரே இருவர்க்கும் அறிவு வேண்டப்பட்டது.

இன்னுமொரு விதி வியப்புக்குரியது. வானிலையை வருவிக்கும் இரு விலங்குகள் எதிரெதிரே ஒருங்கே களம் புகின், வேகம் மிக்கதன் இயல்பு முன்னும், வேகம் குறைந்ததன் இயல்பு பின்னும் செயற்படும். பின்வந்தது முன்வந்ததை அழிக்குமாதலின், மெதுவான விலங்கின் வானிலையே நிலைக்கும். 2016இல் வெயிலை வருவிக்கும் இயல்பைப் பெற்ற டோர்கோல் என்னும் ஆமையின் அடிப்படை வேகம் 20. அதே ஆண்டில் மழையியல்பைப் பெற்ற பெலிப்பரின் வேகம் 65. இரண்டும் ஒருங்கே புகின் கூழைக்கடாவின் மழை தோன்றிய கணத்திலே மறையும். ஆமையின் வெயிலே எறிக்கும். விரைவு யாண்டும் நன்று என எண்ணிப் பழகிய இளைஞனுக்கு இது நல்லதொரு பாடம்.

வானிலையை ஆள்வதினும் அதன் மாற்றத்துக்கு ஆயத்தமாயிருத்தலே சிறந்தது என்பதனைச் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2016இல் நடைபெற்ற உலகப் போட்டி காட்டிற்று. அவ்வாண்டு கயோகர், கிரவுடன் முதலிய பேராற்றல் விலங்குகளுள் இரண்டு ஓரணியில் இடம்பெறலாம் என விதி தளர்த்தப்பட்டிருந்தது. அக்காலத்துக் கிரவுடன் வருவித்த கடுவெயிலில் நீர்த்தாக்குதல் முற்றாக ஆவியாகிவிடும். கயோகரின் பெருமழையில் நெருப்புத்தாக்குதல் அணைந்துவிடும். வெற்றி பெற்ற அமெரிக்கரான வுல்ஃப் கிளிக் கயோகரைத் தெரிந்தார். அதற்குத் துணையாக ரேக்குவேசா என்னும் வானநாகத்தை வைத்தார். அந்நாகம் எவ்வானிலையின் பயனையும் ஒழிக்கவல்லது. தமக்கு மழை கிடைப்பின் மழையால் வெல்லலாம். எதிரியின் வெயில் ஓங்கின் அதனை நீக்கி வெல்லலாம். மழையை நம்பிய ஒருவர் மழை பொய்க்கும் நாளையும் எண்ணி அணிவகுத்தமையே அவ்வணியின் சிறப்பு.

இக்கருத்து தெல்லிப்பழைச் செம்மண்ணுக்குப் புதிதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பெய்கின்றது. அம்மழை வயலுக்கு வாழ்வு, கிணற்றுக்கு ஊற்று, அதுவே காலந்தப்பிப் பெய்யின் தோட்டத்து வெங்காயத்துக்கு அழுகல். வேலிக்கு இப்பாலும் அப்பாலும் பெய்வது ஒரே மழைதான். ஆதலின் அறிவுள்ள கமக்காரன் முழுநிலத்தையும் ஒரு பயிருக்கே ஒப்புக்கொடான். வெங்காயத்தோடு மரவள்ளியும் வாழையும் வைப்பான். மழை வரும் என்று நம்புவான்; வராதவிடத்துச் செய்வதனையும் எண்ணி வைப்பான். திரையில் மழையணியை வகுக்கும் மகன் செய்வதும், தோட்டத்தில் வானத்தைப் பார்க்கும் தந்தை செய்வதும் அடிப்படையில் ஒரே ஆராய்ச்சியேயாம்.

ஆயினும் ஒரு வேறுபாடு மறக்கற்பாலதன்று. ஆட்டத்திலே தோற்றவன் மறுகணம் புதிய அணியோடு புகலாம். கமக்காரன் ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். மாணவனுக்குரிய காலமும் கமக்காரனது காலத்தை ஒத்ததேயன்றி ஆட்டத்தின் காலத்தை ஒத்ததன்று. பரீட்சைக்கு முன்னுள்ள திங்கள்களும் எண்ணி அளிக்கப்பட்ட சுற்றுகளே. அவற்றை நீட்டித்தற்குரிய கல் எவர் கையிலும் இல்லை. ஐந்து சுற்று மழையை வீணாக்காதிருக்கக் கற்ற மாணவன், அக்கல்வியைத் திரையோடு விட்டுவிடாது தன் பொழுதுக்கும் உரியதாக்குவானாயின், அவன் ஆடிய நேரம் வீண்பொழுது ஆகாது. அவனை வாளா கடிந்து விலக்குவதினும், அவன் எண்ணும் கணக்கை அருகிருந்து கேட்டு, அதே கணக்கை வாழ்விலும் எண்ணப் பழக்குதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடனாகும்.