வம்சாவழியும் வாய்மூடலும்: குடும்ப வரலாறு தேடப் புகுவோர்க்கு

அவுஸ்திரேலிய நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் தத்தம் குடும்ப வரலாற்றைத் தேடும் பலரைக் காணலாம். இவர்களில் சிலர் இன்று ஆவலோடு தேடுவது, அவர்களுடைய முன்னோர் மறைக்க விரும்பிய ஒன்றையே. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 162,000 கைதிகள் கப்பலேற்றி இங்கு கொண்டுவரப்பட்டனர். பூட்டன் கைதியாக வந்தவன் என்பது நெடுங்காலம் குடும்பங்கள் வாய்திறவாத களங்கமாக இருந்தது. இன்றோ அது பெருமையோடு சொல்லப்படுகிறது. இந்த மாற்றத்துக்குப் பல தலைமுறைகள் வேண்டியிருந்தன.

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் எம்மவரிடையேயும் இத்தகைய தேடல் முளைவிட்டுள்ளது. இங்கு பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரிடம் பதில் இல்லை. ஆனால் இங்குள்ள வழிகாட்டி நூல்கள் சொல்லும் முறை எமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அது எங்கே பொருந்தாமற் போகிறது என்பதை அறிவதே முதற் பாடம் எனலாம்.

முதலாவது சிக்கல் பெயர். மேற்கத்தைய முறை குடும்பப் பெயரை நூலாகப் பிடித்துப் பின்னோக்கிச் செல்வது. எமக்கு அப்படியொரு நூல் இல்லை. ஆறுமுகத்தின் மகன் கந்தையா; கந்தையாவின் மகன் நடராசா. இரண்டு தலைமுறையில் ஆறுமுகம் என்ற பெயர் மறைந்துவிடுகிறது. புலம்பெயர்ந்த பின்னரோ படிவத்திலுள்ள கட்டம் ஏதோவொரு தகப்பன் பெயரைப் பிடித்து நிரந்தரக் குடும்பப் பெயராக்கிவிடுகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் பாடசாலைகளில் பயின்ற பலருக்கு, பண உதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய பெயர்களை யாவரும் அறிவர். எனவே ஒரே ஆள் இரு ஆவணங்களில் இரு பெயர்களில் நிற்கக்கூடும். ஒருவரைப் பற்றிக் குறிக்கும்போது பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், ஊர், வீட்டில் அழைத்த பெயர் ஆகிய ஐந்தையும் எழுதிவைத்தாலன்றிக் குழப்பம் தீராது.

இரண்டாவது, எங்கே தேடுவது என்பது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்கள் அழிந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு ஓடியோர் எல்லோராலும் உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததா? எனினும் எம்மிடம் வேறு சமூகங்களில் அரிதான ஒரு சான்று உண்டு. அதுவே அந்தியேட்டியன்று வெளியிடப்படும் 'கல்வெட்டு'. வம்சாவழி அச்சாகும் இந்நினைவு மலர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் அலுமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் இவற்றில் பலவற்றைச் சேர்த்து வைத்துள்ளது. ஆனால் கல்வெட்டு அச்சிட வசதி வேண்டும். வசதியற்றோருக்குக் கல்வெட்டு இல்லை. விரும்பாத இடத்தில் மணம் முடித்த மகளின் பெயரும் சில வேளைகளில் அதில் இருப்பதில்லை.

அந்த மகளைக் கண்டுபிடிக்க உதவுவது காணி உறுதி. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனச் சொத்தை வகுக்கிறது. முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் போவதே வழமை. ஆகவே தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு எனச் சீதன உறுதிகள் வழியே பெண்வழி வம்சமொன்று பதிவாகியிருக்கிறது. தகப்பன் பெயரை மட்டும் பின்தொடர்வோர் இதைத் தவறவிடுவர். உறுதியில் எல்லை குறிக்கும் பகுதியும் முக்கியமானது. கிழக்கே யார் காணி, வடக்கே யார் காணி என்ற வரிகளில் இனசனம் பலர் அகப்படுவர்.

மூன்றாவது, முதியவர்களிடம் கேட்பது. 'உங்கள் பாட்டனார் யார்?' என்ற கேள்விக்குச் சுருக்கமான பதிலே கிடைக்கும். செத்தவீட்டில் யார் யார் துடக்குக் காத்தார்கள், எந்த வீட்டில் கை நனைத்தீர்கள், எந்த வீட்டில் நனைக்கவில்லை என்று கேட்டால் உறவின் முழு வரைபடமும் விரியும். இங்கேதான் வாய்மூடலும் தொடங்குகிறது. ஏனெனில் இக்கேள்விகள் நேரே சாதியிற் போய் முட்டுகின்றன.

இதைச் சுற்றிச் செல்ல வழியில்லை. ஒல்லாந்தர் தோம்புகளை எழுதியது வரிக்கும் ஊழியத்துக்குமாக. யார் என்ன சாதி என்பது அவர்களுக்குத் தேவைப்பட்டது. தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதியே உண்டு. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். ஆகவே ஐந்தாறு தலைமுறை பின்னால் போகும் எவரும், அடிமை வைத்திருந்த குடும்பத்தையோ அடிமையாக வைக்கப்பட்டிருந்த குடும்பத்தையோ சந்திக்கக்கூடும். இதை எழுதுவது சாதியை மீண்டும் உயிர்ப்பிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதே. ஆனால் எழுதாமல் விட்டால் எஞ்சுவது முதலியார் பட்டங்களும் கோயில் திருப்பணிகளும் மட்டுமே. அப்போது குடும்ப வரலாறு குடும்பப் புகழ்மாலையாகிவிடும். இதற்கு ஒரு நெறியை முன்வைக்கலாம்: தன் குடும்பம் பிறருக்குச் செய்ததை ஒருவர் எழுத வேண்டும், பிறருடைய சாதியை அவர் எழுதக் கூடாது. ஒடுக்கப்பட்டோர் தம் வரலாற்றை எழுதுவதா, விடுவதா என்பது அவர்களுடைய முடிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வம்சாவழி எமக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையிற் பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கு பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. காகிதமில்லாத மலையகத் தமிழர் ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவராயினர். 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று, வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோரும்படி கூறியது. கோராதவை அரச காணியாகும் நிலை. உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை அதை நிறுத்தியது. ஆயினும், உரித்தாளர் உலகெங்கும் சிதறியும் உறுதிகள் தொலைந்தும் உள்ள நிலையில், யார் யாருக்கு என்ன உறவு என்பதைச் சான்றோடு காட்டும் தேவை நீங்கிவிடவில்லை.

அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் அனுபவம் இங்கு எமக்கு நெருக்கமானது. பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகளை மீண்டும் குடும்பத்தோடு சேர்க்க 1980இல் நியூ சவுத் வேல்ஸில் 'லிங்க்-அப்' அமைப்பு தொடங்கப்பட்டது. தம்மைப் பிரித்த அரசாங்கத்தின் கோப்புகளையே அவர்கள் உறவைத் தேடும் கருவியாக்கினர். எம்மை வகைப்படுத்திய தோம்பையும் பிறப்புப் பத்திரத்தையும் நாமும் அப்படிப் பயன்படுத்த முடியும்.

தொடங்க விரும்புவோர் முதலில் வீட்டிலுள்ள கல்வெட்டுகளையும் உறுதிகளையும் படமெடுத்துப் பிரதி செய்யட்டும். அடுத்து, குடும்பத்தின் மூத்த பெண்ணைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யட்டும். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ஊரை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. காப்பகத்திலுள்ள கோப்பு அடுத்த ஆண்டும் இருக்கக்கூடும். அவர்கள் இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.