தட்டிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்

தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க எஸ்பிஎம் சான்றிதழின் நகல் தேவைப்பட்டது. விடுமுறைக்கு ஆயர் ஈத்தாம் வந்திருந்தபோது ஒரு நகல் கடைக்குச் சென்றேன். கைப்பேசியில் இருந்த படத்தைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டுக் கணினித் திரையைப் பார்த்தேன். என் சான்றிதழுக்கு மேலே, முன்பின் தெரியாத பலரின் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் வரிசையாக இருந்தன. என்னுடையதை அழிக்கச் சொன்னேன். உடனே அழித்த கடைக்காரர், "இப்படி யாருமே கேட்பதில்லை" என்றார்.

அந்தச் சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. போலிச் சான்றிதழ் தயாரிப்பவருக்குத் தேவை ஓர் உண்மையான சான்றிதழின் தெளிவான படம். முத்திரை, கையெழுத்து, வரிசை எண் எல்லாம் அதில் கிடைத்துவிடும். பட்டமளிப்பு நாளில் முகநூலில் பதிவேற்றி, அதை நாமே இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

இதைத் தடுக்க 2018 நவம்பரில் நம் கல்வியமைச்சு 'ஈ-ஸ்குரோல்' முறையை அறிமுகப்படுத்தியது. பட்டத்தின் விவரம் பிளாக்செயின் பதிவேட்டில் சேர்க்கப்படும். அப்பதிவேட்டின் படிகள் பல கணினிகளில் இருப்பதால், ஓரிடத்தில் திருத்தினால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. சான்றிதழில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, முதலாளிகள் உண்மையை அறியலாம்.

ஆனால் கியூஆர் குறியீட்டையும் போலியாக அச்சிட முடியும். ஸ்கேன் செய்ததும் திறக்கும் இணைய முகவரி பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ முகவரிதானா என்று பார்ப்பது அவசியம். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்திடமே கேட்டுவிடலாம். படிக்கச் சேரும் முன், அந்தப் படிப்பு எம்கியூஏ அங்கீகாரம் பெற்றதா என்பதையும் அதன் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

போலியைத் தயாரிப்பவர் மட்டும் குற்றவாளி அல்லர். போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துபவரும் தண்டனைச் சட்டத்தின் 471-ஆவது பிரிவின்படி குற்றவாளியே. ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரித்தால், 468-ஆவது பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. பட்டமளிப்புப் படத்தில் சான்றிதழை மடித்தோ சுருட்டியோ பிடியுங்கள். விண்ணப்பத்திற்கு அனுப்பும் நகலின் குறுக்கே, எந்த வேலைக்காக என்பதையும் தேதியையும் எழுதுங்கள். நகல் கடையில் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். மூலச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். செய்தால் புடைப்பு முத்திரையை விரலால் தடவிச் சோதிக்க முடியாது.

ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடைகளில் என் பாட்டி ஒரு சாடியை எடுத்ததும் விரலால் தட்டிப் பார்ப்பார். விரிசல் இருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். நேர்மையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவருக்கு, யாராவது தட்டிப் பார்ப்பதில் பயமில்லை. எல்லாரும் தட்டிப் பார்த்தால்தான், இரவு பகலாகப் படித்து நாம் வாங்கிய தாளுக்கு மதிப்பு நிலைக்கும்.