சக்கரத்தில் கசியும் எண்ணெய்: சிறிய சீல், பெரிய செலவு

தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து விடுமுறைக்கு ஜீப்பிலோ ஜிப்சியிலோ மணாலி, லே நோக்கிப் பயணம் மேற்கொள்ளும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஓடைகளைக் கடந்து திரும்பிய வண்டியின் பின்சக்கரத்தில், டயரின் உட்புறம் கரிய எண்ணெய்க் கோடு தெரிந்தால், அதனை அழுக்கென்று கருதித் துடைத்துவிடலாகாது. அச்சின் ஆயில் சீல் பழுதுற்றிருக்கலாம்.

ஜிப்சி போன்ற வண்டிகளில் பின்அச்சின் இடையே டிஃபரென்ஷியல் உள்ளது. அதிலுள்ள கியர் ஆயில் அச்சுக்குழாய் வழியே சக்கரம் வரை பரவும். அது பிரேக் டிரம்மினுள் புகாதவாறு தடுப்பதே ஆயில் சீலின் பணி. அதன் ரப்பர் விளிம்பு தேய்ந்தால், எண்ணெய் பிரேக் ஷூக்களை நனைத்துவிடும். பிரேக்கின் பிடிமானம் குறையும். வண்டி ஒருபுறமாக இழுக்கும். மலை இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்தாகும்.

கசிவது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கியர் ஆயில் தடிப்பாகவும் கந்தக நெடியுடனும் இருக்கும். பிரேக் ஆயிலின் அளவு குறைந்திருந்தால், பழுது வீல் சிலிண்டரில் இருக்கக்கூடும்.

சீல் கெடுவதற்குப் பழமை மட்டுமே காரணமன்று. அச்சின் மேலுள்ள காற்றுப்போக்கி சேற்றால் அடைபட்டால், வெப்பத்தால் உள்ளே அழுத்தம் பெருகி எண்ணெயை வெளியே தள்ளும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலும் சீல் நிலைக்காது. இவற்றைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் கசிவு மீண்டும் தோன்றும்.

மெக்கானிக்கிடம் பின்வருவனவற்றை வலியுறுத்துக:

1. வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல், ஸ்டாண்டு வைத்துத் தாங்கச் செய்தல்.
2. தண்டில் சீல் உராயும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தல். பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் பயன்தராது.
3. புதிய சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் டிஃபரென்ஷியலை நோக்குமாறு, கோணாமல் பொருத்துதல்.
4. எண்ணெயில் ஊறிய ஷூக்களை இருபுறமும் சேர்த்தே மாற்றுதல்.
5. காற்றுப்போக்கியைத் தூய்மை செய்து, கியர் ஆயிலை உரிய அளவுக்கு நிரப்புதல். பழைய ஆயில் பால்நிறமாக இருந்தால் நீர் கலந்துள்ளது, முழுவதும் மாற்றுக.

காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் வாங்குவோர், சீலின் மேல் பொறிக்கப்பட்ட எண்ணையும் அளவையும் ஒப்பிட்டு, ரசீதுடன் பெறுதல் நன்று.

சீலின் விலை குறைவே. பிரித்துப் பூட்டும் கூலியே மிகுதி. ஆகவே பேரிங்கையும் அப்போதே சோதிப்பது சிக்கனம். மேலும், வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் ஈடுசெய்வதில்லை. எனவே மாதத் தவணையோடு பராமரிப்புக்கென ஒரு சிறுதொகையையும் ஒதுக்கி வைத்தல் வாடிக்கையாளர்களுக்கு நலம் பயக்கும்.