கியூ பூங்காவும் இறப்பர்க் கன்றுகளும்

இலண்டனின் தென்மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றது கியூ தாவரவியற் பூங்கா. 1759இல் அரச குடும்பத்தின் தோட்டமாகத் தொடங்கிய இது, 1840இல் அரசுடைமையாகிப் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பிள்ளைகளுடன் செல்வோர் ஒரு முழுநாளை இதற்கென ஒதுக்குதல் நன்று.

விக்டோரியா வாயிலால் நுழைவோரை ஒரு குளமும், அதன் மறுகரையில் 1848இல் கட்டி முடிக்கப்பட்ட பனை இல்லமும் எதிர்கொள்கின்றன. இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன அம்மாளிகையின் புழுக்கத்தினுள்ளே வாழையும் தென்னையும் கொக்கோவும் வளர்கின்றன. வெளியே ரோசாத் தோட்டம், பாறைத் தோட்டம், மூங்கில் தோட்டம் என ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். அப்பால் உள்ள பெரிய ஏரி இயற்கையானதன்று. மிதவெப்பத் தாவர இல்லத்தின் மேடைக்குச் சரளைக்கல் அகழ்ந்த பள்ளமே நீர் நிரம்பி ஏரியாயிற்று.

எனினும் தமிழர் சற்று நின்று நோக்கவேண்டியது பனை இல்லத்து இறப்பர் மரத்தையே. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இங்கு கொணர்ந்தார். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டிலேயே கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் பெருந்தோட்டங்களாகப் பரந்தன. அம்மரங்களில் பால் வெட்டுவதற்குத் தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து எம்மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர்.

கியூவில் மரந்தோறும் ஒரு தகடு உண்டு. அதில் பெயரும் பிறந்த நாடும் பதிவெண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்த செடிக்குக் கிடைத்த இப்பதிவு, கடல் கடந்து சென்ற தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. கியூ உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அகதி விண்ணப்ப இலக்கமே அடையாளமாக ஆண்டுகள் பலவற்றைக் கழித்த எமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. பூங்காவின் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அந்த இறப்பர் மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று, மலையகத்தின் கதையையும் அவர்களுக்குச் சொல்வோம்.