ஊரை விட்டார்கள்... பெயரை விடவில்லை!

நியூட்டன் என்றதும் ஆப்பிள்தானே நினைவுக்கு வரும்? அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால், 'புதூர்'! 'டன்' என்பது வேலியடைத்த பண்ணையையோ குடியிருப்பையோ குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்.

இங்கிலாந்தின் ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால், யார் வந்து குடியேறினார்கள் என்பது தெரிந்துவிடும். 'செஸ்டர்', 'காஸ்டர்' என முடிந்தால் அங்கே ரோமானியப் படைமுகாம் இருந்திருக்கும்: மான்செஸ்டர், லங்காஸ்டர். 'பி' என முடியும் டெர்பி, கிரிம்ஸ்பி எல்லாம் வைக்கிங்குகள் வைத்த பெயர்கள். எருதுகள் ஆற்றைக் கடந்த துறைதான் ஆக்ஸ்ஃபோர்டு.

ஊர்ப் பெயர் எப்படிக் குடும்பப் பெயரானது? சொந்த ஊரில் எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள்தான். அங்கே ஊர்ப் பெயரால் ஒருவரை அடையாளம் சொல்ல முடியாது. பிழைப்புக்காக வேறு ஊர் போனவரைத்தான் 'பிராட்ஃபோர்டிலிருந்து வந்தவர்' என்பார்கள். நாளடைவில் அது அவர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. நிலக்கிழார்கள் கதை வேறு. அவர்கள் தாங்கள் ஆண்ட ஊரையே பெயராக்கிக்கொண்டார்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள வாஷிங்டன் அப்படியோர் ஊர். 'வாசா என்பவரின் வழிவந்தோர் பண்ணை' என்று பொருள். 12-ஆம் நூற்றாண்டில் ஹெர்ட்பர்ன் ஊரின் வில்லியம் என்ற பிரபு, இந்த ஊர் தன் கைக்கு வந்ததும் பெயரையும் மாற்றிக்கொண்டார். அவர் வம்சத்தில் வந்தவர்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன்.

1799-ல் அவர் இறந்தபோது, மவுண்ட் வெர்னான் பண்ணையில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளுக்குச் சட்டப்படி குடும்பப் பெயர் கிடையாது. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்றவர்கள் தங்களுக்கான பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

அவர்களில் ஒரு சிறுவன் புக்கர். பள்ளியில் வருகைப் பதிவின்போது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனித்தான். தன் முறை வந்ததும் சற்றும் தயங்காமல் 'புக்கர் வாஷிங்டன்' என்றான். பின்னாளில் டஸ்கீகி கல்வி நிறுவனத்தை வளர்த்தெடுத்த கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான்.

2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 'வாஷிங்டன்' என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் கறுப்பினத்தவர். வாசாவின் பண்ணையைப் பார்த்தே இராதவர்கள்தான் இன்று அந்தப் பெயரைச் சுமக்கிறார்கள்!